கேக்கலீங்க

பல்கலைக்கழகத்தின் ஆண்டு மலருக்கு எங்கள் சமுதாய வானொலியின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தேன். அச்சில் வந்தபோது அது ஒரு பக்கமாகியிருந்தது. திறப்பு விழா இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, ஒலிபரப்புக் கோபுரம் நட்ட கதை இருந்தது, வந்துபோன விருந்தினர்கள் வரிசையாக நின்றார்கள். வானொலியைக் கேட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. இடம் போதவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மலரைச் சுருட்டி ஈ அடிக்க வைத்துக்கொண்டேன். எங்கள் அறையில் ஈ அதிகம்.

ஆகவே அவர்கள் வெட்டியதை நானே எழுதிக்கொள்கிறேன். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பாள் அம்மா. தமிழில் முதுகலை முடித்துவிட்டுப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றேன், சூப்பர்வைசரோடு ஒத்துவரவில்லை. இன்னொரு கம்பெனியில் ஆபீஸ் வேலை. அங்கே முதலாளியோடு ஒத்துவரவில்லை. மூன்றாவதாக வந்த இடம் இந்த வானொலி. வந்த முதல் வாரமே ஓடிவிடுவேன் என்று நினைத்தேன். ஓடாமல் நின்ற ஒரே இடம் இதுதான். ஏன் நின்றேன் என்று கேட்டால், மைக்குக்கு முன்னால் மட்டும் என் கால் ஆடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வேலைக்குப் பெயர் நிகழ்ச்சித் தயாரிப்பாளர், தற்காலிகம். என்னோடு இருந்தவர் டெக்னீசியன் அண்ணன் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நிதானமே உருவானவர். நான் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பேன், அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என் நடையைப் பார்த்துத் தலைசுற்றுகிறது என்பார்.

அந்த அறை முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற அறையாக இருந்தது. எதிரொலி அடங்கச் சுவரில் மெத்தை அடிக்க வேண்டும் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். ஒப்புதல் வருகிற வழியாகத் தெரியவில்லை. நான் குடியிருக்கிற நல்லூரில், எங்கள் லைன் வீட்டுக்கு எதிர்க் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், பனியன் வெட்டிய பிறகு மிஞ்சுகிற துண்டுத் துணி. கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதைப் பைகளில் அடைத்துச் சுவர் முழுக்க ஆணி அடித்து மாட்டினோம். அன்றிலிருந்து எங்கள் ஸ்டூடியோவில் புதுப் பனியன் வாசனை. மழைக்காலத்தில் சாய வாசனை. வந்த துணைவேந்தர் தும்மிவிட்டுப் போனார்.

ஒலிபரப்பு எட்டுகிற எல்லை சிறியது. சோமனூர்ப் பக்கத்துத் தறி ஊர்களில் நன்றாகக் கேட்கும், திருப்பூர் ஓரத்தில் சுமாராகக் கேட்கும், நல்லூரில் கரகரவென்று வரும். உடுமலைப்பேட்டையில் இருக்கிற என் அம்மாவுக்கு வரவே வராது. தினமும் பேசுகிறேன் என்கிறாயே, யார் கேட்கிறார்கள் என்று போனில் கேட்பாள். பிற்பாடு பதிவாளரும் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா மட்டும் சாப்பிட்டாயா என்றும் சேர்த்துக் கேட்பாள்.

கேள்வி நியாயமானதுதான், அதுதான் எரிச்சல். முதல் ஒரு வருடம் யாரும் கேட்கவில்லை. பேராசிரியர்கள் வந்து பேசினார்கள். ஏற்றுமதி வாய்ப்புகள், நேர மேலாண்மை, இளைஞர்களும் தன்னம்பிக்கையும். பேசி முடித்ததும் நான் தொலைபேசி எண்ணைச் சொல்லி, உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறோம் என்பேன். காத்திருப்போம். மேசைமேல் அந்தப் போன் செத்த எலி மாதிரிக் கிடக்கும். அண்ணன் சில சமயம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைப்பார்.

ஒரு நாள் அது விடாமல் அடித்தது. அன்று எலுமிச்சை ஊறுகாய் பற்றி ஒரு அம்மா பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஹா, இந்த ஊருக்கு ஊறுகாய்தான் வேண்டும் போலிருக்கிறது என்று மறுநாளே நார்த்தங்காய் போட்டேன். ஒரு ஈ காக்கை கூப்பிடவில்லை. மாங்காய் போட்டேன், நெல்லிக்காய் போட்டேன். அண்ணன் பொறுக்க முடியாமல், எம்மா, இனிமே வத்தல் வடகம்னு எறங்கிராதிய என்றார்.

பிறகு இன்னொரு நாள் மறுபடி அடித்தது. அன்று ஒரு பேராசிரியர் வருமான வரி பற்றி வறவறவென்று பேசிக்கொண்டிருந்தார். அதற்கா போன் வரும் என்று குழம்பிக்கொண்டு எடுத்தேன். கூப்பிட்டவர் ஏதோ ஒரு பாட்டுப் போடச் சொன்னார். பேசும்போது அவருக்குப் பின்னால் காக்கை கத்துவது கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. தறி ஊரிலிருந்து யார் பேசினாலும் பின்னால் தடக் தடக்கென்று தறிச்சத்தம் வரும். காக்கைச் சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. தறி ஓடவில்லையா என்று கேட்டேன்.

“கரண்டு இல்லீங்களே அம்மணி. கரண்டு இருந்தா நீங்க பேசறது எங்கீங்க கேக்குது?”

அட என் மடத்தனமே! தறியும் நிட்டிங் மெஷினும் தைக்கிற பவர் டேபிளும் விடிந்ததிலிருந்து ஓடுகிற சீமையில் அந்தச் சத்தத்துக்கு நடுவே நேர மேலாண்மை பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். மனிதர்களுக்குக் காது விடுதலையாவது கரண்ட் போன பிறகுதான். பெரிய கம்பெனிகளில் ஜெனரேட்டர் உண்டு. குடோன் என்று இங்கே சொல்கிற சின்னத் தறிக் கொட்டகைகளில், வீட்டோடு சேர்ந்த யூனிட்டுகளில், கரண்ட் போனால் வேலை நின்றது. வெளியே வந்து நிழலில் உட்காருவார்கள். கரண்ட் இல்லாததால் டிவி இல்லை. பட்டன் போனிலோ பேட்டரி ரேடியோவிலோ எங்களைத் திருப்புவார்கள்.

மறுநாள் காலையிலிருந்து பேப்பரில் நான் முதலில் பார்த்தது நாளைய மின்தடை எந்தெந்த ஊரில் என்கிற சின்னச் செய்தியைத்தான். பராமரிப்பு ஷட்டவுன் என்று ஒவ்வொரு ஊருக்கும் மாதத்தில் ஒரு நாள் முறை வரும், காலையிலிருந்து பிற்பகல் வரை. எல்லோரும் வைதுகொண்டே படிக்கிற செய்தியை நான் ராசிபலன் மாதிரி ஆசையாகப் படித்தேன். நாளை எந்த ஊரில் கரண்ட் போகிறதோ, நாளைய நிகழ்ச்சி அந்த ஊருக்கு. தறி ஊர் என்றால் நூல் விலை, பாவு, கூலிப் பேச்சு. பனியன் யூனிட் இருக்கிற பக்கம் என்றால் அவர்கள் சங்கதி, நடுவில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காகக் கொஞ்சம் இந்திப் பாட்டு. அவர்களே போனில் வந்து பேசுவார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள்.

நிகழ்ச்சிக்குக் ‘கரண்ட் போன நேரம்’ என்று பெயர் வைத்தேன். பல்கலைக்கழகத்தில் முகம் சுளித்தார்கள். மின்வாரியத்தைக் குத்திக்காட்டுவதுபோல் இருக்கிறதாம், ‘இளைப்பாறும் நேரம்’ என்று மாற்றச் சொன்னார்கள். தாளில் மாற்றினேன், வாயில் மாற்றவில்லை. எப்போதும் ஒரே மாதிரி ஆரம்பிப்பேன்: கரண்டு போச்சுங்களா? செரி, செத்த உக்காருங்க.

அந்த ஆரம்பம் ஊரில் பரவிவிட்டது என்பார்கள். கரண்ட் போனதும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிச் சிரிப்பதாகப் போனில் சொல்வார்கள். நான் பாதி நம்புவேன். கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறதுங்க என்றுதான் சொல்வார்கள். கழுத்தைப் பிடித்தாலும் மரியாதையாகத்தான் பிடிப்பார்கள்.

இதில் ஒரு கூத்து இருந்தது. ஊருக்குக் கரண்ட் போனால் எங்களைக் கேட்பார்கள். எங்களுக்கே கரண்ட் போனால் நாங்கள் ஊமை. வளாகத்தில் ஜெனரேட்டர் இருந்தது. அது நிர்வாகக் கட்டடத்துக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டும் ஓடும். எங்கள் அறைக்கு அதிலிருந்து லைன் இழுக்கச் சொல்லி நானும் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். யார் கேட்கிறார்கள் என்று லைன் என்றார் பதிவாளர். லைன் வந்தால்தான் கேட்பார்கள் என்றேன். சொல்லிவிட்டுக் கதவைச் சற்றுச் சத்தமாகச் சாத்தினேன்.

அந்த நேரத்தில்தான் காது டாக்டரைக் கூப்பிட்டேன். போனில் பேசுகிற தறிக்காரர்கள் எல்லோருமே கத்துவார்கள். சுற்றிலும் சத்தமே இல்லாதபோதும் கத்துவார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று ஒரு அக்காவிடம் சொன்னபோது, மெதுவாப் பேசுனா எங்களுக்கே கேக்காதுங்களே என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சோமனூர்ப் பக்கம் அடுத்த ஷட்டவுன் வந்தபோது டாக்டரை அழைத்து வந்து உட்காரவைத்தேன். நேரடி ஒலிபரப்பு. அருமையாகப் பேசினார். தறிச்சத்தம் காதை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், முதலில் எந்த ஒலி கேட்காமல் போகும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள் என்றார். அந்த இடத்தில் எங்கள் வளாகத்தில் கரண்ட் போனது. டாக்டருக்குத் தெரியவில்லை, செத்த மைக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். முடிக்கும்வரை நான் கேட்டேன், அண்ணன் கேட்டார், சுவரில் இருந்த பனியன் வேஸ்ட் கேட்டது.

மீதியை அடுத்த முறை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் உத்தரவு வந்துவிட்டது. வானொலியின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலம். புதுப்பிப்பதா, மூடுவதா என்று பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழு முடிவு சொல்லும்வரை புது நிகழ்ச்சி எதுவும் கூடாது, பழைய சொற்பொழிவுகளை ஓட்டினால் போதும். கேட்கிறவர்களே இல்லை என்று குழு எழுதிவிட்டால் எங்கள் அறை வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போகும். நான் எங்கே போவேன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வேலை போனால் இன்னொரு வேலை. எத்தனையோ விட்டுவிட்டு வந்தவள்தான். ஆனால் விட்டுவிட்டுப் போவது வேறு, பிடுங்கிக்கொண்டு அனுப்புவது வேறு. அந்த நாட்களில் நான் சும்மா நின்றதாக நினைவே இல்லை. பஸ்ஸில்கூட உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டு வந்தேன்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். மெல்லிய குரல், யாரையும் கடிந்து பேசாதவர். அவரோடு பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு அதிகாரி. தலைவர் என்னிடம், வானொலி கேட்கிறவர்களிடம் எங்களைக் கூட்டிப் போங்கள், ஆனால் எந்த வீட்டுக்குள் போவது என்று நாங்கள்தான் முடிவு செய்வோம் என்றார். எந்த நாள் என்பதை மட்டும் என்னைத் தேர்ந்தெடுக்கவிட்டார். நான் பேப்பரைப் பார்த்துத்தான் சொன்னேன். சோமனூர்ப் பக்கம் ஷட்டவுன் இருக்கிற நாள். அன்றைக்கு மட்டும் ‘கரண்ட் போன நேரம்’ போட அனுமதி கிடைத்தது. நான் அவர்களோடு போக வேண்டும் என்பதால் முன்கூட்டியே பேசிப் பதிந்து அண்ணனிடம் கொடுத்திருந்தேன், பதினொரு மணிக்கு ஓட்டுவார். ஊர் நிசப்தமாக இருக்கும், எல்லோரும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கையில் என் குரல் இருக்கும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

காரில் ஊருக்குள் நுழைந்தபோது பேக்கரியில் பல்ப் எரிந்தது.

பட்டப்பகலில் எரிகிற பல்ப்! கரண்ட் இருக்கிறது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். இன்றைக்கு ஷட்டவுன் இல்லையா என்று பேக்கரிக்காரரிடம் கேட்டேன். கேன்சலுங்க என்றார், என்னவோ எனக்கு நல்ல செய்தி சொல்கிற மாதிரி முகமெல்லாம் பல்லாக. ஊர் முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் நின்றாலே பேச்சுக் கேட்கவில்லை. கரண்ட் போகவில்லையே என்று அழுதவள் இந்தச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தலைவரிடம் இன்னொரு நாள் வரலாமா என்று கேட்டேன். வந்துவிட்டோமே அம்மா என்றார். பதினொரு மணி ஆகப் போகிறது. கொஞ்ச தூரம் நடந்து, ஒரு தறிக்குடோனைக் கைகாட்டினார்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஓட்டுகிற சின்னக் குடோன். வாசலை ஒட்டிய தறியில் அந்த அக்கா நின்றிருந்தார். அவர் கணவர் உள்ளே கடைசித் தறியில் நூல் அறுந்ததைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்தால் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. அதிகாரி அக்காவின் அருகில் போய், ரேடியோ கேக்கறீங்களா என்று கத்தினார். அக்கா காதருகே கையை வைத்து, இல்லை என்று தலையாட்டி, திருப்பிக் கத்தினார்.

“கேக்கலீங்க!”

அதிகாரி இன்னும் சத்தமாக, பல்கலைக்கழக ரேடியோ, கேக்கறீங்களா என்றார். அக்கா இரண்டு கையையும் விரித்து, கேக்கலீங்க, கேக்கலீங்க என்றார். அதிகாரி பைலைத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். கேட்பதில்லை என்று எழுதியிருந்தார். தலைவர் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். நான் அவர் கையைப் பிடிக்காத குறையாகக் குறுக்கே நின்று, அவங்க அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் பேசியது கேட்கவில்லை என்கிறார்கள் என்று கத்தினேன். அவருக்கு நான் பேசியதும் கேட்கவில்லை. புன்னகை செய்தார்.

வாசலை ஒட்டிச் சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. பழைய இரும்புப் பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கை போனது, இழுத்தேன், இறங்கியது.

தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அடுத்த குடோன்களின் சத்தம் தூரத்தில் கேட்டது. இந்தக் குடோனுக்குள் மட்டும் திடீரென்று இடம் பெரிதான மாதிரி இருந்தது. செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஓடுகிற தறி நின்று மறுபடி கிளம்பினால் அந்த இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். துணி எடுக்கிறவர்கள் அதைக் காட்டிக் கழிப்பார்கள். எல்லாத் தறியிலும் ஒரே சமயத்தில் கோடு போட்டுவிட்டு நிற்கிறேன்.

கணவர் உள்ளேயிருந்து வேகமாக வந்தார். மெயினை இறக்கினது ஆருங்க என்று கேட்டார். தறி நின்ற பிறகும் தறி ஓடும்போது பேசுகிற அதே குரல். நான்தானுங்கண்ணா, ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க, இவங்க கேட்கிறதை மட்டும் கேட்டுக்கட்டும் என்று படபடவென்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் மனைவியின் வாயைப் பார்த்தார். அந்த அக்காவோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங் அம்மணி, நீங்க கரண்டு போன நேரத்துல பேசற அம்மணிதானுங்களே?”

என் குரலுக்கு அப்படி ஒரு முகம் மலர்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஆமாங்க்கா என்றேன். அக்கா கணவர் பக்கம் திரும்பி, காதைத் தொட்டு, வாயைத் தொட்டு, மெயினைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் என்னையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

“கரண்டு போனாப் பேசுவீங்கன்னு பாத்தா, கரண்டப் புடுங்கிப் போட்டுப் பேசறீங்களே!”

தலைவர் சிரித்துவிட்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. பைலில் விரலை வைத்துக்கொண்டு, ரேடியோ கேட்பதில்லை என்று சொன்னீர்களே அம்மா என்றார். நீங்க பேசுனது கேக்கலீங்கன்னு சொன்னனுங்க என்றார் அக்கா. அதிகாரி அதையும் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தார்.

தலைவர், சரி, இப்போது போடுங்கள், நாமும் கேட்போம் என்றார். பதினொன்று தாண்டியிருந்தது. அக்கா ஜன்னல் மேட்டிலிருந்து பட்டன் போனை எடுத்துத் திருப்பினார். உஸ்ஸென்ற இரைச்சல். திருகித் திருகிப் பார்த்தார், இரைச்சல்தான். அதற்குள் என் போன் அடித்தது. டெக்னீசியன் அண்ணன். வளாகத்துக்கு வருகிற லைனில் ஜம்பர் கட் ஆகிவிட்டது, கரண்ட் கிடையாது, என்ன செய்ய என்கிறார். போக வேண்டிய இடத்தில் போகாத கரண்ட், இருக்க வேண்டிய இடத்தில் போய்விட்டது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. வானொலி இன்றைக்கு வராது என்று சொன்னேன்.  அதிகாரி பேனாவை மூடினார்.

அந்த அக்கா மட்டும் போனை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார். அருகில் வந்தபோதுதான் பார்த்தேன், இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அது போனாப் போவுதுங்க. அன்னைக்குக் காது டாக்டரு வந்தாருங்களே. ‘பஞ்சு வெச்சுக்கறவங்க கவனமாக் கேளுங்க’ன்னாரு, அதோட நின்னு போச்சுங்க. வெக்கோணுமா, வெக்கக் கூடாதுங்களா? அதுக்கப்புறம் எப்பவாச்சும் சொல்லுவீங்கன்னு கரண்டு போறப்பெல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்தனுங்க. ஆரோ வருமான வரி பேசீட்டிருக்கறாங்க.”

நான் தலைவரைப் பார்க்கவில்லை. எனக்கு அவர் நினைவே வரவில்லை. செத்த மைக்குக்கு டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அந்த அக்காவுக்குச் சொன்னேன். பஞ்சு போதாது, சத்தம் அதன் வழியாகப் போய்விடும். வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் இருந்துவிடக் கூடாது. அதற்கென்றே இருக்கிற காதடைப்பான்கள் மருந்துக் கடையில் கிடைக்கும், அதைச் சரியாகப் பொருத்த வேண்டும். வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே காது மந்தமாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். போனது திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். இதைச் சொன்னபோது அக்கா கணவரைப் பார்த்தார். அவர் தறியில் விழுந்த கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது எதுவும் அவரை எட்டவில்லை.

கோட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். போங்கம்மணி, ஷட்டவுன்ல விழறதுதானே என்று அக்கா கையை உதறினார். கணவர் மெயினைத் தூக்கினார். பிறகு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, கும்பிட்டுவிட்டு வந்தோம்.

காரில் ஏறினோம். என் கால் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் குடோனில் மெயினை இறக்கினதற்கு எந்த விதியின் கீழ் நடவடிக்கை வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தலைவர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, அன்றைக்கு டாக்டர் பேச்சு ஏன் பாதியில் நின்றது என்று கேட்டார். வளாகத்தில் கரண்ட் போனது என்றேன். ஜெனரேட்டர் இருக்கிறதே என்றார். எங்கள் அறைக்கு லைன் இல்லை என்றேன். எப்போதும் சொல்கிற மாதிரி கோபமாகச் சொல்ல நினைத்தேன், மெதுவாகத்தான் வந்தது.

தலைவர் அதிகாரியிடம் சொன்னார்: “முதல்ல எழுதினதை அடிச்சிடுங்க. ஜெனரேட்டர் லைன்னு எழுதிக்கோங்க.”

உரிமம் புதுப்பிக்கப்பட்டது. மலரில் அது ஒரு வரி, குழுவின் பரிந்துரையின்பேரில் என்று. லைன் இழுக்க இன்னும் சில மாதம் ஆனது. நான் தினமும் எலெக்ட்ரீஷியன் பின்னாலேயே அலைந்தேன். இழுத்து முடித்த பிறகு சோமனூர்ப் பக்கம் வந்த முதல் ஷட்டவுனுக்கு டாக்டரை மறுபடி கூட்டி வந்தேன். கரண்டு போச்சுங்களா, செரி, செத்த உக்காருங்க என்று ஆரம்பித்தேன். இந்த முறை பேச்சு நிற்கவில்லை. முழுதாகப் பேசி முடித்தார். போன் அடித்தது, அந்த அக்காதான். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

பட்டணத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். தனக்கு இன்னும் பாதகமில்லையாம், அடைப்பான் வாங்கிக்கொண்டாராம், நீலக் கலர். சந்தோஷம் பொறுக்காமல் நேயர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி நான் சத்தமாகச் சிரித்தேன். அண்ணாவும் பக்கத்தில்தான் இருக்கிறாரா, அவரும் நிகழ்ச்சியைக் கேட்டாரா, கோடு போட்டதற்கு இன்னும் என்னை வைகிறாரா என்று கேட்டேன்.

“இங்கதானுங்க உக்காந்திருக்கறாரு. அவருக்குக் கேக்கலீங்க. நான் கேட்டுச் சொல்லீட்டிருக்கறனுங்க.”

அடுத்த பாட்டை ஓட்ட டெக்னீசியன் அண்ணன் கையைத் தூக்கினார். வேண்டாம் என்றேன். மைக்கை இழுத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன், அக்கா ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல நேரம் விட்டு விட்டு. சத்தமாகவும் சொன்னேன். நான் கத்தினால் அவருக்குக் கேட்டுவிடாது என்று தெரிந்துதான் கத்தினேன்.